பாற்குடமும் தபால்காரன் பையும்

ஓம் தங்கச்சி, அவவேதான்! என்ரை சம்பந்தியேதான்! அத்தனை சனத்துக்கு நடுவிலை, தலையிலை குடத்தோடை, தன்ரை வாயாலை கேட்டவ: "அக்கா, உங்கடை பைக்குள்ளை கொஞ்சம் இடமிருக்கோ?" எண்டு. எந்தப் பை? இந்தா, கதவிலை தொங்குதே, இந்தப் பைதான். தபால்காரன் பை எண்டு அவ பகிடி பண்ணின அதே பை! வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. வாசல்லை நிண்டு கேக்கிற கதையே இது? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருங்கோ, தேத்தண்ணிக்குப் பால் வைக்கிறன்.

நீங்கள் கீழ்மாடிக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தானே. அதனால் போன வருடம் எனக்கு வந்த பட்டப்பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறீர்களோ, அதையும் நான் அறியேன். கெல்சென்கிர்ச்சனில் இருந்து டுசல்டோர்ஃப் வரைக்கும் நம் சனத்துக்கு நான் கைப்பை அக்கா. ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், முன்னே பின்னே நான் கண்டிராத ஒரு பெண், பாயாசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து கேட்டாள்: "அந்தக் கைப்பை அக்கா நீங்களோ?" ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "பாயாசம் நல்லாயிருக்கோ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், அதற்கு முதலில் என் மகனின் நெஞ்சில் தொடங்க வேண்டும்.

மகனுக்கு இருதயத்தில் ஒப்பரேசன் செய்தார்கள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு கதிரையில் நான் இருந்தேன். சுவர் முழுக்க ஏதேதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்கோ தமிழ் எழுத்தும் தெரியாது, ஜெர்மன் எழுத்தும் தெரியாது. எதைப் பார்த்து மனதைத் தேற்றுவது? கண்ணை மூடினேன். "அம்மாளாச்சி, என்ரை பிள்ளையை எழுப்பித் தா. ஊன்ட்றொப்பிலை உன்ரை கோயில் தேருக்கு என்ரை தலையிலை பாற்குடம் எடுத்துக்கொண்டு உன்னட்டை வாறன்" என்று நேர்ந்தேன்.

பிள்ளை எழும்பினான். இப்போது பாருங்கள், தண்ணீர்ப் போத்தல் பெட்டியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறான். நான்தான் கீழே நின்று கத்துகிறேன். அம்மாளாச்சி தன் பங்கைச் செய்து முடித்துவிட்டாள். என் பங்குதான் இழுபட்டுக்கொண்டே போனது. முதலில் அந்தக் கொரோனா வந்து தேரை நிறுத்தியது. பிறகு என் முழங்கால் என்னை நிறுத்தியது. மருமகள் நல்ல பிள்ளை. "மாமி, நான் உங்களுக்காக எடுக்கிறன், நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ" என்றாள். அது எப்படி? நேர்ந்தது என் தலை. எடுக்க வேண்டியதும் என் தலைதானே.

ஆகவே போன வருடம் எப்படியும் எடுப்பது என்று வெளிக்கிட்டேன். மகன் ஒரு நிபந்தனை போட்டான். எனக்குச் சீனி வருத்தம். மருந்துக் குளிசை, சீனி இறங்கினால் வாயில் போட டொபி, வைத்தியக் காப்புறுதி அட்டை, ஃபோன், எல்லாம் எந்நேரமும் என்னோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போகமாட்டானாம். அது நியாயம்தான். எல்லாவற்றையும் என் மண்ணிறக் கைப்பைக்குள் வைத்தேன். ஆனால் அது தோல் பை. தோலைத் தூக்கிக்கொண்டு நேர்த்திக்காரர் வரிசையில் நிற்கலாமா? அதனால் மருமகளிடம் கொடுத்து, "நான் திரும்பிப் பாக்கிற இடத்திலை நில் பிள்ளை" என்று சொன்னேன்.

குடம் தலைக்கு ஏறியது. நாதஸ்வரம் தொடங்கியது. இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மருமகளைக் காணவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன். எல்லாம் சேலையும் வேட்டியும் வெயிலும்தான். தலையில் பால், மனம் முழுக்கப் பை. குளிசை எங்கே, அட்டை எங்கே, மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு பதற்றம். பின்னால் வெறுங்கையோடு நின்ற ஒரு பிள்ளையிடம் "கொஞ்சம் பிடி அம்மா" என்று குடத்தைக் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு ஓடினேன். ஓம், ஓடினேன், இந்த முழங்காலோடு! மருமகள் பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்க நின்றாள். என் பை அவள் தோளில் பத்திரமாகத் தொங்கியது. திரும்பி வந்தால் வரிசை போய்விட்டது. என் குடம் ஆரோ ஒரு பிள்ளையின் தலையில் கோயிலுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் நிழலில் நின்று, மோர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் என் சம்பந்தி. மருமகளின் தாய். டுசல்டோர்ஃபில் இருக்கிறார். கூடாத மனுசி என்று சொல்லமாட்டேன். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு வந்தவர். ஆனால் ஒரு கதை கையில் கிடைத்தால் அதற்குத் தாளிதம் போடாமல் விடமாட்டார். "அம்மாளாச்சியை நடுறோட்டிலை விட்டிட்டுக் கைப்பையைத் தேடி ஓடினவ எங்கடை சம்பந்தி!" இது பிறந்தநாள் வீட்டில். பிறகு கலியாண வீட்டில். பிறகு செத்த வீட்டில்கூட, தங்கச்சி, எட்டுச் செலவுக்கு வடை சுட்டுக்கொண்டு! நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் பெரிதாகும். ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாளாச்சியின் படத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை. அடுத்த தேருக்கு ஒரு நேர்த்தியை முடிக்க வேண்டும், ஒரு பெயரைத் தொலைக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பை வந்தது.

அவுஸ்திரேலியாவில், டார்வினில் என் மச்சாள் இருக்கிறாள். என் மனுசனின் தங்கை. அவளுக்கும் ஃபோனில் என் கைப்பைக் கதையைச் சொல்லி அழுதிருந்தேன். அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய மகள் ஐரோப்பா பார்க்க வந்தபோது ஒரு பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தால் இது. எழும்பிப் போய்த் தொட்டுப் பாருங்கோ, குறையொண்டும் இல்லை. துணிதான், ஆனால் என்ன பலம் பாருங்கோ. வார் எவ்வளவு அகலம்! தோளுக்குக் குறுக்கே போட்டால் இடுப்பில் வந்து குந்தும். இரண்டு கையும் சும்மா இருக்கும். மூடியைத் தூக்க ஒரு கை போதும்.

அந்த மூடியில் இருக்கிற வேலைப்பாட்டைப் பாருங்கோ. செம்மண் நிறத்தில் வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும், ஒரு மயிரை நெடுகப் பிளந்து வைத்த மாதிரி அவ்வளவு மெல்லிசு. முதலில் கண்டபோது, ஆரோ கோலம் போடத் தொடங்கி, எழும்ப மனமில்லாமல் போட்டுக்கொண்டே இருந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மருமகள் பையில் தொங்கிய அட்டையை வாசித்துச் சொன்னாள். அந்த நாட்டின் ஆதிச் சனத்துப் பெண்கள் தங்கள் இடத்திலேயே, தங்கள் கையாலேயே அச்சடித்த துணியாம். வரைந்தவரின் படமும் அதில் இருந்தது. வெள்ளைத் தலைமயிர், வாய் நிறையச் சிரிப்பு, முன்பல்லில் என்னைப் போலவே ஓர் இடைவெளி.

"வரைஞ்சவவுக்கும் அச்சடிச்சவைக்கும் தைச்சவைக்கும் உரிய கூலி குடுத்துத்தான் செய்ததாம் மாமி. ஆரையும் ஏமாத்தேல்லையாம். தைச்ச மனுசியின்ரை பேர்கூட இருக்கு."

"தைச்சவவின்ரை பேருமோ?"

"ஓம், இந்தா."

எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் அவள் விரல் வைத்த இடத்தை நானும் தொட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பிஸ்கற் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனவள். எத்தனையோ பெட்டி என் கையால் போனது. ஒரு பெட்டியிலாவது, இதை அடுக்கினவ இன்னார் என்று ஆரும் போட்டார்களா? போட்டிருந்தால் நான் கடைக்குப் போய், சாமான் தட்டுக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் காட்டியிருக்கமாட்டேனா! அந்தப் படத்து மனுசியை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

பேரனின் பிறந்தநாளுக்குப் பையைப் போட்டுக்கொண்டு போனேன். சம்பந்தி வாசலிலேயே கண்டுவிட்டார்.

"என்ன அக்கா, தபால் வேலைக்குச் சேந்திட்டியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது போதாது.

"போன வரியம் கைப்பை, இந்த வரியம் தபால்காரன் பை. எங்கடை வீட்டுக்கும் ஏதும் கடிதம் வந்திருக்கோ?"

"உங்களுக்கு வந்ததுதான் சம்பந்தி," என்றேன் நான். "விலாசக்காரி வீட்டிலை இருக்கிறேல்லை, ஊர்க்கதை கதைக்கப் போயிட்டா எண்டு திருப்பி அனுப்பிட்டாங்கள்."

அன்றைக்கு என் மகனே கேக்கை வைத்துவிட்டுச் சிரித்தான். ஆனாலும் தங்கச்சி, பதில் சொன்னால் பெயர் போகாது. குடம் எடுத்தால்தான் போகும்.

தேர்க் கிழமை வந்தது. புதுத்துணி எதுவானாலும் நாங்கள் என்ன செய்வோம்? மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுத்த மாட்டோம், இல்லையா? குழந்தையின் சட்டைக்கும் வைப்போம், கலியாணக் கூறைக்கும் வைப்போம். அம்மாளாச்சியிடம் போகிற பை என்று நான் கொஞ்சம் தாராளமாகவே குழைத்து, மூடியின் கீழ்மூலையில் நல்ல வடிவாகப் பூசினேன். பூசி, ஜன்னலடியில் காயவும் வைத்தேன். மருமகள் வேலையால் வந்து அதைக் கண்டாள்.

"ஐயோ மாமி! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன், புதுத்துணிதானே?"

"இது சட்டைத்துணியில்லை மாமி, ஒரு மனுசி வரைஞ்ச சித்திரம்! அவையளின்ரை பழங்கதை, சாமிக்கதை எல்லாம் உப்பிடித்தான் வரைவினமாம். அதிலை போய் எங்கடை மஞ்சளைப் பூசலாமோ?"

ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சள் போகுமா? துடைக்கத் துடைக்கப் பரவியது. அப்போதுதான் மற்றது மனதில் பட்டது. இது இன்னொரு சனத்தின் சாமிக்கதை என்றால், அவர்களைக் கேட்காமல் நான் எப்படி எங்கள் கோயிலுக்குள் கொண்டுபோவது? எங்கள் அம்மாளாச்சியின் சேலையை ஆரோ கேட்காமல் எடுத்து மேசையில் விரித்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? மகன் வேறு ஒரு பை வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பிழையைச் செய்துவிட்டு அதை அலுமாரிக்குள் ஒளித்துவைத்தால், தலையில் பால் இருக்கும்போது மனம் மறுபடி பைக்குள்தான் போய் இருக்கும். போன வருடக் கதைதான் திரும்பவும். அந்த மனுசி கோபப்பட்டால் இந்த முறையும் குடம் இல்லை என்றே முடிவெடுத்தேன்.

மச்சாளுக்கு ஃபோன் அடித்தேன். அவள் பை வாங்கிய கடைக்கு அந்தப் பெண்கள் துணி கொண்டுவருவார்களாம். இந்தக் கிழமையும் வருவார்களாம். "அழாதை மச்சாள், கேட்டுச் சொல்லுறன்" என்றாள். கேட்டுச் சொல்வாள் என்று நான் பார்த்திருக்க, ஒரு நாள் காலையில் ஃபோன் அடித்தது. திறந்தால் மச்சாளின் முகம் இல்லை. வெள்ளைத் தலைமயிர், வாய் நிறையச் சிரிப்பு, முன்பல்லில் இடைவெளி!

"எடியே பிள்ளை, ஓடிவா! படத்திலை இருக்கிறவ!" என்று நான் கத்திய கத்தலில் மருமகள் பல்லுத்தூரிகையோடு ஓடி வந்தாள்.

அந்த மனுசி தன் பாஷையில் சொல்ல, பக்கத்தில் நின்ற மகள் அதை இங்கிலீசில் சொல்ல, மச்சாள் அதைத் தமிழில் எனக்குச் சொல்ல, நான் சொன்னது அதே வழியால் திரும்பிப் போனது. நான் அந்த மஞ்சள் மூலையைத் தூக்கிக் காட்டினேன். மனுசி கிட்டக் கிட்ட வந்து பார்த்தா. மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஏதோ சொன்னா. அங்கே எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னவாம், கோவமாமோ?"

"இல்லை மச்சாள்! உந்த நிறம் எந்தக் கிழங்கிலை எடுத்தது எண்டு கேக்கிறா."

நான் ஓடிப்போய் ஒரு மஞ்சள் துண்டைக் கொண்டுவந்து காட்டினேன். உடைத்து உள்ளே இருந்த நிறத்தையும் காட்டினேன். மனுசி தன் மடியில் இருந்து ஒரு பிடி நாரை எடுத்துத் தூக்கிப் பிடித்தா. நல்ல மஞ்சள் நார். அவர்கள் பை பின்னுகிற ஓலை நாராம். காட்டில் ஒரு வேரைக் கிண்டியெடுத்து, அதை அவித்து ஏற்றுகிற நிறமாம். வேர்! எங்கள் மஞ்சளும் நிலத்துக்குக் கீழே இருந்துதானே வருகிறது? எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, ஆலாத்திக்கு என்று வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் சிவந்தது. கோப்பையை ஃபோனுக்கு முன்னால் பிடித்தேன்.

மனுசி கையைத் தட்டினா! குனிந்து தேடி இன்னொரு பிடி நாரை எடுத்தா. சிவப்பு நார். மச்சாளுக்குச் சிரிப்பில் கதை வரவில்லை. "அதே வேராம் மச்சாள்... சாம்பலைப் போட்டால் இப்பிடிச் சிவக்குமாம்!" என்றாள். நான் கோப்பையைத் தூக்கிக் காட்ட, அவ நாரைத் தூக்கிக் காட்ட, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தோம். மருமகளின் வாயில் நுரை வழிந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கேட்க வேண்டியதை நான் கேட்காமல் விடவில்லை. "இது உங்கடை சாமிக்கதையெண்டால், எங்கடை கோயிலுக்கு நான் போட்டுக்கொண்டு போகலாமோ?"

இப்போது மனுசி சிரிக்கவில்லை. ஆறுதலாகக் கதைத்தா. மச்சாளும் ஆறுதலாகச் சொன்னாள். "வெளியிலை சொல்லக்கூடாத கதையை அவையள் விக்கிற துணியிலை போடுறேல்லையாம். இது எல்லாருக்கும் காட்டத்தான் போட்டதாம். அந்தக் கோடெல்லாம் என்ன தெரியுமே? பையாம், மச்சாள். அவையளின்ரை பொம்பிளையள் நாராலை பின்னுற பை. பைக்கு மேலை பைதான் வரைஞ்சிருக்கிறா. உங்கடை சாமியட்டைக் கொண்டு போறது அவவுக்குச் சந்தோசமாம். தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சால்தான் கோவம் வருமாம்."

பிறகு நான் என்ன சுமக்கப் போகிறேன் என்று கேட்டா. பால் என்று சொல்லி, ஒரு செம்பை எடுத்துத் தலையில் வைத்துக் காட்டினேன். உடனே அவ பின்னிய பையின் கயிற்றை எடுத்து நெற்றியில் மாட்டி, பையை முதுகில் விட்டு, அங்கேயும் இங்கேயும் நடந்து காட்டினா. அவர்களுடைய அம்மாமார் அப்படித்தான் சுமப்பார்களாம். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

தேரன்று எல்லா ஊரில் இருந்தும் வந்த சனம். காரைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வெறுங்காலில் தார் சுட்டது. தொண்டர்கள் குழாயால் றோட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார்கள். சேலைக்குக் குறுக்கே பையைப் போட்டு, முந்தானையை அதற்குக் கீழால் இழுத்துச் செருகினேன். குளிசை, டொபி, அட்டை, ஃபோன், எல்லாம் என் இடுப்பில். வரிசையில் நிற்கப் போகும்போது ஒரு தொண்டர் மறித்தார்.

"அம்மா, பையை ஆரிட்டையும் குடுத்திட்டு வாங்கோ. நேர்த்திக்காரர் தோல் சாமான் கொண்டு வாறேல்லை."

"தோலில்லை தம்பி, துணி. இந்தா பாருங்கோ, மஞ்சளும் வைச்சிருக்கு."

அவர் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். நான் அழுதழுது துடைத்த அதே மூலை! "அப்ப சரியம்மா, போங்கோ" என்று வழி விட்டார்.

குடம் தலைக்கு ஏறியது. இரண்டு கையும் குடத்தில். திரும்பிப் பார்க்க வேண்டிய ஆள் இல்லை, தேட வேண்டிய பொருள் இல்லை. நாதஸ்வரமும் தவிலும் முன்னால் போக, கால் தானாக நடந்தது. எனக்கு இரண்டு வரிசை பின்னால் சம்பந்தி. அவரும் இந்த வருடம் குடம் எடுத்திருந்தார். என்னைக் கண்டு புருவத்தைத் தூக்கி, "அக்கா, தபால் கோயிலுக்கோ?" என்றார். "ஓம், விரைவுத் தபால்!" என்றேன்.

பாதி வழியில் கால் பஞ்சு மாதிரி ஆனது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சீனி இறங்கினால் இப்படித்தான், எனக்குத் தெரியும். அந்த நொடியில் போன வருடம் முழுக்க என் முன்னால் வந்து நின்றது. வரிசையை விட்டால் முடிந்தது. இன்னொரு வருடம் கைப்பை அக்கா. இடது கையால் குடத்தை இறுக்கிப் பிடித்தேன். வலது கையை இறக்கி மூடியைத் தூக்கினேன். முன் உறையில் டொபி. கடதாசியைப் பல்லால் கிழித்து வாயில் போட்டேன். விரதம்தான். ஆனால் சீனி வருத்தக்காரியின் உடம்பு அம்மாளாச்சி அறியாததா? "கொஞ்சம் பொறு தாயே, வாறன்" என்று சொல்லிச் சொல்லி அடி வைத்தேன். சின்ன அடிதான். ஆனால் ஓர் அடியும் பக்கத்தில் போகவில்லை. மெல்ல மெல்லக் கண் வெளித்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். "அக்கா! அக்கா!" சம்பந்தி! அவருடைய கைப்பையும் மருமகளிடம்தான். மருமகள் பிள்ளைகளோடு எந்தப் பக்கம் போனாளோ தெரியாது. ஃபோனை இடுப்பில் செருகியிருந்தார். அது மணி அடித்தடித்துக் கீழே வழுகுகிறது. காரைத் திறக்கிற திறப்பு ஒரு விரலில் கொழுவியிருந்தது; அதோடு குடத்தைப் பிடித்தால் குடம் ஆடுகிறது. பால் நெற்றியில் வழிகிறது. முன்னால் இருந்தவர்கள் விலக, எட்டி எட்டி நடந்து என் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, உங்கடை பைக்குள்ளை கொஞ்சம் இடமிருக்கோ?"

சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது, தங்கச்சி. சாமத்திய வீட்டில் கேட்ட அந்தப் பாயாசக்காரியும் அங்கேதான் நின்றாள்! நான் ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்தேன்.

"தபால் பை சம்பந்தி, எல்லாம் எடுக்கும். முத்திரை ஒட்டியிருக்கோ?"

"இந்த அந்தரத்துக்குள்ளை பகிடி வேறை!" என்று சொன்னாலும் மனுசி சிரித்துவிட்டார். ஃபோன் உள்ளே போனது, திறப்பு உள்ளே போனது. அவருடைய இரண்டு கையும் குடத்துக்கு ஏறியது. அதைக் கண்டு பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, "அம்மா, என்ரை கண்ணாடியையும் வைப்பியளோ?" என்றாள். பாயாசக்காரி தன் ஆஸ்மா மருந்தை நீட்டினாள். நான் ஒவ்வொருவருக்கும் மூடியைத் தூக்கினேன். பை ஊதி, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி என் இடுப்பில் இருந்தது. நானும் சம்பந்தியும் தோளோடு தோள் நடந்து கோயிலுக்குள் போனோம்.

என் பாலை ஐயர் வாங்கி அம்மாளாச்சிக்கு ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாக வழிந்தது. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதிரை ஞாபகம் வந்தது, சாத்திய கதவு ஞாபகம் வந்தது. மகன் சனத்துக்குள்ளால் வந்து என் தோளில் கை வைத்தான். அவன் கை சூடாக இருந்தது.

அன்னதானப் பந்தலில் எல்லாரும் தங்கள் சாமானைக் கேட்டு வந்தார்கள். "ஒவ்வொராளா வாங்கோ, தபால் கந்தோர் திறந்திருக்கு!" என்று நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தேன். சம்பந்தி தன் ஃபோனை வாங்கிய கையோடு ஆருக்கோ அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓமோம், எங்கடை சம்பந்திதான்! கடைசி மட்டும் குடத்தை இறக்கேல்லை! எங்கடை சாமான் முழுக்க அவதான் சுமந்தவ!" கதைக்குத் தாளிதம் போட்டார்தான். இந்த முறை நான் தடுக்கவில்லை, நல்லாகப் போடட்டும் என்று விட்டேன். பாயாசக்காரி வந்து, "நன்றி, தபால் அக்கா" என்றாள். பார்த்தீர்களா, பெயரும் மாறிவிட்டது! இது எனக்குப் பிடித்திருக்கிறது.

தலையில் குடமும் தோளில் பையுமாக மகன் எடுத்த படத்தை டார்வினுக்கு அனுப்பினோம். அந்த மனுசி அதைக் காட்டாத ஆளே இல்லையாம், எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறாவாம். மஞ்சள் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பூசியிருக்கலாம் என்று சொன்னாவாம்!

நேற்றுப் பின்னேரம் ஃபோன். சம்பந்தி. சுகம் கேட்டார், முழங்காலைக் கேட்டார், வெயிலைப் பற்றிக் கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்கடை மச்சாளட்டைச் சொல்லி எனக்கும் ஒரு பை..." என்றார்.

"என்ன பை சம்பந்தி?"

"அதுதான்... உங்கடை மாதிரி."

"என்ரை மாதிரியெண்டால்? பேரைச் சொல்லுங்கோவன்."

"விடுங்கோ அக்கா!"

"பேரைச் சொன்னால்தான் மச்சாளுக்கு விளங்கும்."

பிறகு, "தபால்காரன் பை" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி! நான் சிரித்த சிரிப்பில், தங்கச்சி, கதிரையே ஆடினது. வாங்கிக் குடுக்கத்தான் போறன். மஞ்சளும் நானே பூசிக் குடுப்பன். பேந்து அடுத்த வரியம் இரண்டு பேரும் பையும் குடமுமா... என்ன மணக்குது? ஐயோ, பால்! ஊன்ட்றொப்பிலை அவ்வளவு தூரம் கொண்டு போன எனக்கு, இங்கை அடுப்பிலை... எழும்பாதேங்கோ, இருங்கோ, இருங்கோ, முதல்லை அடுப்பை நூக்கிறன்.